இடது சிறுநீரகத்தைக் காணோம்

கேள்வி: குமாரபாளையத்தில் குடியிருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் தறி ஓட்டுகிறோம். எங்கள் அம்மணிக்கு 23 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறாள். மாதா மாதம் வயிற்று வலி தாங்க முடியவில்லை என்று போன மாதம் ஸ்கேன் எடுத்தோம். வலது சிறுநீரகம் 12.3 செ.மீ., இடது சிறுநீரகம் காணப்படவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் 0.8. இத்தனை வருஷம் ஒரு குறையும் தெரிந்ததில்லை. அவள் வயிற்றில் இருந்தபோது ஒன்பதாம் மாதம் வரை தறியில் நின்றேன், அதனால் இப்படி ஆயிற்றா? ஒரு சிறுநீரகத்தோடு எத்தனை நாள் இருக்க முடியும்? தண்ணீர்க் குடம் தூக்கலாமா? பிள்ளை பெறலாமா? ஐப்பசியில் நிச்சயம், தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, வேண்டாமா? விஷயம் தெரிந்த சொந்தக்காரர் ஒருவர், "எங்கியாச்சும் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பதில்: முதலில் ஒரு வாய் சாப்பிடுங்கள். நீங்கள் பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு வரி இருக்கிறது. என் கண் அங்கேதான் நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எத்தனை நாள் இருக்க முடியும் என்று கேட்கிறீர்கள். உங்கள் மகள் 23 வருஷமாக அப்படித்தான் இருக்கிறாள். போன மாதம் புதிதாக வந்தது அந்த ரிப்போர்ட் தாள் மட்டும்தான். பிறவியிலேயே ஒரு சிறுநீரகத்தோடு பிறப்பவர்கள் ஆயிரம், இரண்டாயிரம் பேருக்கு ஒருவர் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்குச் சென்னிமலையில் தேர் வடம் பிடிக்க நிற்கிற கூட்டத்தில் தேடினால் பல பேர் தேறுவார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த்தான் தெரியவரும். இல்லாமல் போவது வலதைவிட இடதுதான் அதிகம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ரிப்போர்ட்டில் "காணப்படவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறார்கள், "இல்லை" என்று எழுதவில்லை. இரண்டும் ஒன்றல்ல. கருவில் சிறுநீரகம் முதலில் இடுப்புக்குழியில்தான் உருவாகும். அப்புறம் மெல்ல மேலே ஏறி, கடைசி விலா எலும்புகளுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். சிலருக்கு ஏறாமல் கீழேயே தங்கிவிடும். குடலின் வாயு மறைத்தால் ஸ்கேனில் தட்டுப்படாது. சிலருக்குச் சுருங்கிப்போய்ச் சிறு கட்டி போல இருக்கும். அதனால் இன்னும் ஒரு பரிசோதனை எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அணு மருத்துவத்தில் டி.எம்.எஸ்.ஏ. என்று ஒரு ஸ்கேன் உண்டு. கையில் ஓர் ஊசி போட்டு, சில மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். வேலை செய்கிற சிறுநீரகத் திசு உடம்பில் எங்கே இருந்தாலும் பளிச்சென்று தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் தெரிந்துவிடும். உங்கள் மகளுக்கு நான் எம்.ஆர்.ஐ.தான் சொல்வேன். காரணம் பின்னால் வருகிறது.

இருக்கிற ஒன்று போதுமா என்பதற்கு, சிறுநீரகம் செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பொங்கல் காப்புக் கட்டுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோமே, அப்போது என்ன செய்கிறோம்? குப்பை எது என்று உள்ளே நின்று தேடிக்கொண்டிருப்பதில்லை. பாத்திரம், பெட்டி, பாய் என எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கிறோம். வாசலிலேயே தங்கிவிடுவது குப்பை. சிறுநீரகமும் இதைத்தான் செய்கிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் இரண்டு சிறுநீரகத்துக்குள்ளும் சேர்த்துப் பாய்கிறது. இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. நுண்ணிய வடிகட்டிகளில் அந்த ரத்தத்தின் நீரில் ஒரு பங்கு, அதில் கரைந்த உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாவற்றோடும் மொத்தமாக வெளியே இறங்கும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் மட்டும் உள்ளேயே நிற்கும். இறங்கியதில் உடம்புக்கு வேண்டியதை, அடுத்து வரும் மெல்லிய குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு இப்படி இறங்குவது 180 லிட்டர். உங்கள் வீட்டு பிளாஸ்டிக் குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 12 குடம். வெளியே போவது ஒன்றரை லிட்டர் சிறுநீர், ஒரு குடத்தில் பத்தில் ஒரு பங்கு. மிச்சம் அத்தனையும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. இது போதாதென்று, ரத்தம் ஊறுவதற்கான சுரப்பைச் சுரப்பது, வைட்டமின் டி-யை எலும்புக்குப் பயன்படும்படி மாற்றுவது, ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது ஆகியவையும் அதன் பொறுப்புதான்.

இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்குச் சிறுநீரகம் ஒன்றுக்கு 6 குடம் கணக்கு. உங்கள் மகளின் ஒரே சிறுநீரகம் 6 குடத்தோடு நின்றுவிடாது. இப்படித் தனியாக இருக்கும் சிறுநீரகம், இரண்டும் சேர்ந்து செய்வதில் முக்கால் பங்கு வரை செய்யும். 9 குடம் என்று வையுங்கள். அது எப்படி? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் வடிகட்டிகள் உண்டு. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உண்டாகாது. ஆனால் இருக்கிறவை பெருத்து, கூடுதல் வேலையை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த 12.3 செ.மீ. அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் இன்னொரு தடவை பயந்திருப்பீர்கள், வீங்கிவிட்டதோ என்று. வீக்கமில்லை, வளர்ச்சி. சாதாரணமாக 10, 11 செ.மீ. இருப்பது அவளுக்குக் கருவிலிருந்தே இரட்டைப் பாரம் சுமந்து வளர்ந்திருக்கிறது. தனிச் சிறுநீரகம் 9 செ.மீ. என்று வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஒரு சிறுநீரகத்தோடு வாழ்வது மருத்துவத்துக்குப் புதிதல்ல. உலகில் வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்தது. ஜோசப் மர்ரே என்ற அறுவை மருத்துவர் செய்தது. ரொனால்ட் ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரருக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். கொடுத்தபின் 56 வருஷம் இருந்து, 2010-இல் 79-ஆம் வயதில்தான் அவர் இறந்தார்.

இதைச் சொன்னதும் நம் பக்கத்தில் ஒரு வில்லங்கம் வருகிறது. தறிக்காரர்களின் கடனைத் தெரிந்துகொண்டு தேடி வரும் புரோக்கர்களும் இதையேதான் சொல்வார்கள். "ரெண்டு இருக்குது, ஒண்ணு சும்மாதானுங்க கிடக்குது." சும்மா கிடக்கவில்லை. வண்டியின் ஸ்டெப்னி போல ஒன்று ஓட, ஒன்று தொங்கிக்கொண்டிருப்பதில்லை. இரண்டும் ராப்பகலாக ஓடுகின்றன. அந்தக் கூடுதல் பலம் பின்னால் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, வயது என்று வரும்போது தாக்குப்பிடிப்பதற்கான சேமிப்பு. அண்ணனுக்கோ பிள்ளைக்கோ மனதறிந்து, முழுப் பரிசோதனைக்குப் பிறகு கொடுப்பது வேறு. வட்டிக்குப் பயந்து, முன்பின் பரிசோதனை ஒழுங்காக இல்லாமல் இழப்பது வேறு. உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் 2025-இல்கூடப் பள்ளிபாளையம் பக்கத்துச் சிறுநீரக விற்பனைச் சங்கதி செய்தித்தாள்களில் வந்ததே. உங்கள் சொந்தக்காரர் அப்படிக் கேட்டது தப்புத்தான். ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மகளின் உடம்பே சொல்லும். எடுத்திருந்தால் தழும்பு இருக்கும். அது போக, பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு அந்தப் பக்கச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயே பெரும்பாலும் இருக்காது. வெட்டிய அடிக்கட்டையும் இருக்காது. இன்னொரு அடையாளமும் உண்டு. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கும். கீழே சிறுநீரகமே உருவாகாதவர்களுக்கு அது கவிந்து வளைய ஒன்றுமில்லாமல், நீட்டாகப் படுத்தபடி வளர்ந்திருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் நன்றாகத் தெரியும். இதையெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நானாக இருந்தால் விளக்க மாட்டேன்.

தறியில் நின்றதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கருவின் ஐந்தாம் வாரத்தை ஒட்டி, ஒரு சின்னக் குழாயிலிருந்து முளை ஒன்று கிளம்பிப் பக்கத்துத் திசுவைத் தொட வேண்டும். தொட்டால்தான் சிறுநீரகம் உருவாகத் தொடங்கும். இடது பக்கம் அந்த முளை கிளம்பவில்லை, அல்லது போய்ச் சேரவில்லை. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீங்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த நாட்களிலேயே அது முடிந்துபோன விஷயம். ஒன்பதாம் மாதம் நீங்கள் தறியில் நின்றாலும் கட்டிலில் படுத்திருந்தாலும் அது மாறியிருக்காது. கிரகணம், பப்பாளி என்று யாராவது ஆரம்பித்தால் அதையும் காதில் வாங்க வேண்டாம். சில குடும்பங்களில் இது ஒருவருக்கு மேல் காணப்படுவதுண்டு. அதனால் உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு தடவை சாதாரண வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்.

இப்போது நான் முதலில் சொன்ன அந்த வரி. "மாதா மாதம் வயிற்று வலி தாங்க முடியவில்லை." ஸ்கேன் எடுக்கப் போனதே அதற்காகத்தான். சிறுநீரகத்தைக் காணோம் என்றதும் வலி எல்லோருக்கும் மறந்துபோயிற்று. ரிப்போர்ட் கொடுத்தவர்களும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை.

சிறுநீரக முளை கிளம்பும் குழாயும், பெண் குழந்தைக்குக் கருப்பையாக மாறப்போகும் குழாயும் கருவில் அக்கம்பக்கமாக வளர்பவை. ஒன்று வழி காட்டித்தான் மற்றது இறங்கும். அதனால் ஒரு பக்கச் சிறுநீரகம் இல்லாத பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கருப்பையின் அமைப்பிலும் ஏதாவது வித்தியாசம் இருக்கும். பெரும்பாலும் அது தொல்லை தராது. சிலருக்கு மட்டும் கருப்பை ஒன்றாகச் சேராமல் இரண்டு பாகமாக இருந்து, சிறுநீரகம் இல்லாத அதே பக்கத்துப் பாகத்தின் வழி ஒரு சவ்வால் அடைபட்டிருக்கும். இன்னொரு பாகம் திறந்திருப்பதால் மாதவிடாய் ஒழுங்காக வரும். யாருக்கும் சந்தேகமே வராது. அடைபட்ட பக்கத்தில் மட்டும் மாதா மாதம் ரத்தம் தேங்கித் தேங்கி, வலி வருஷத்துக்கு வருஷம் ஏறும். "வயசுப் பொண்ணுக்கு இதெல்லாம் வர்றதுதான், கல்யாணமானா சரியாயிரும்" என்று வீட்டிலும் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் மகளுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. வெறும் மாதவிடாய் வலியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு சிறுநீரகம் இல்லை, மாத வலியும் கடுமை என்ற இரண்டும் சேரும்போது இதைப் பார்க்காமல் விடுவது தவறு. மேலோட்டமான வயிற்று ஸ்கேனில் இது தப்பிவிடலாம், எம்.ஆர்.ஐ.யில் தப்பாது. அப்படியே இருந்தாலும் சிகிச்சை பெரிதல்ல. வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே அந்தச் சவ்வைத் திறந்துவிடுவார்கள். அதன்பின் குழந்தை பெற்றவர்கள் நிறையப் பேர் உண்டு. கவனிக்காமல் விட்டால்தான் தேங்கிய ரத்தம் சீழ் பிடிப்பதும், பின்னோக்கி வயிற்றுக்குள் ஏறி வேறு சிக்கல் செய்வதும். ஆகவே என்னைப் போன்ற சிறுநீரக மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். போகும்போது இடது சிறுநீரகம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த வலிக்கு இதுவரை என்ன மாத்திரை போட்டாள்? "வலி மாத்திரை ஒண்ணு குடுங்க" என்று கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும். அதை இனி நிறுத்தச் சொல்லுங்கள். டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகும் நுண் ரத்தக் குழாயை இறுக்கிவிடும். எப்போதோ ஒன்று போட்டதால் இதுவரை கெட்டுப்போகவில்லை. கிரியாட்டினின் 0.8 என்பதே அதற்குச் சாட்சி. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு அது, ரத்தத்தில் 0.8 என்றால் சரியான அளவு. ஆனால் மாதம் நாலைந்து என்று வருஷக்கணக்கில் போடும் பழக்கம் இவளுக்கு ஆகாது. அதுவும் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் நாளில் கூடவே கூடாது. மருத்துவரைப் பார்க்கும் வரை பாரசிட்டமால், சூட்டுக்குச் சுடுதண்ணீர்ப் பை. கஷாயம், பற்பம், செந்தூரம் என்று தெரிந்தவர் சொன்னதையெல்லாம் முயன்று பார்ப்பதும் வேண்டாம். காப்புக் கட்டும்போது வேப்பிலையோடு சேர்த்துச் செருகுகிறோமே பூளைப்பூ, அதுதான் சித்த மருத்துவத்தில் கல்லடைப்புக்குச் சொல்லப்படும் சிறுபீளை. எனக்கு அதன்மேல் பகையில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு இருப்பது கல்லடைப்பு அல்ல.

வேறு எதற்குப் பயப்பட வேண்டும் என்றால், அடைப்புக்கும் தொற்றுக்கும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் 25, 30 செ.மீ. நீளம். சிறுநீர் அதில் தானாக வழிந்து இறங்குவதில்லை, குழாய் சுருங்கிச் சுருங்கித் தள்ளுகிறது. டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால், பசு மடியிலிருந்து பால் பீய்ச்சுவது போல, சிறுநீர்ப்பைக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் சர் சர்ரென்று பீய்ச்சுவது தெரியும். உங்கள் மகளுக்கு வலது பக்கம் மட்டும் பீய்ச்சும். அந்த ஒரு குழாயில் கல் சிக்கினால் மற்றவர்களுக்கு வெறும் வலி, இவளுக்குச் சிறுநீரே நின்றுபோகலாம். அரை நாளாகச் சிறுநீர் வரவில்லை, வயிறு முட்டவும் இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதேபோல் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாப்புறம் வலி, எரிச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

ஜவுளிக் கடையில் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்ட நாளில் அந்தப் பெண்கள் காலை போனால் மாலை வரை சிறுநீர் கழிக்காமல் இருப்பதை நான் கேள்விப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். பெண்களுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் வழி 4 செ.மீ.தான். கிருமி ஏறுவது சுலபம். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை போயே ஆக வேண்டும், முதலாளி முகம் சுளித்தாலும். தண்ணீர் இரண்டு, இரண்டரை லிட்டர் போதும், சித்திரை வெயிலில் கொஞ்சம் கூட. ஐந்து லிட்டர் குடித்தால் கழுவிவிடும் என்பதெல்லாம் சும்மா. உப்பைக் குறைக்கட்டும், ஊறுகாய், அப்பளம், கருவாடு உட்பட.

குடம் தாராளமாகத் தூக்கலாம். சிறுநீரகம் முதுகுத் தசைக்கும் விலா எலும்புக்கும் உள்பக்கமாகப் பத்திரமாக இருக்கிறது, இடுப்பில் குடம் வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது.

வருஷத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின். இந்த மூன்றும் கட்டாயம். கிரியாட்டினின் சரியாக இருக்கிறது என்று மற்ற இரண்டை விட்டுவிடாதீர்கள். வடிகட்டி களைத்துப்போவதை முதலில் சொல்வது சிறுநீரில் ஒழுகும் ஆல்புமின்தான், கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும். கூடுதல் பாரம் சுமக்கும் சிறுநீரகத்துக்குப் பல வருஷம் கழித்து இப்படி ஒழுகல் வரலாம். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் மாத்திரையில் கட்டுப்படுத்திவிடலாம்.

பிள்ளை பெறலாம். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். அதனால் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கப் போகும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷயத்தைச் சொல்லி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இரண்டு சிறுநீரகங்களையும் பார்த்துவிடலாம்.

மாப்பிள்ளை வீட்டு விஷயம் மருத்துவரிடம் கேட்கிற கேள்வியல்ல, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். சொல்லிவிடுவதுதான் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் நீங்களோ, சம்பந்தம் பேசிய தரகரோ சொல்ல வேண்டாம். உங்கள் மகள் அந்தப் பையனிடம் நேராகச் சொல்லட்டும். அது அவள் உடம்பு, சொல்வதா வேண்டாமா என்பதை முடிவெடுக்க வேண்டியவளும் அவள்தான். அவளை இதுவரை யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. பையனுக்குச் சந்தேகம் இருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வரட்டும். இரண்டு பேரையும் உட்காரவைத்து நானே படம் போட்டு விளக்குகிறேன்.

எம்.ஆர்.ஐ.யை வலி வரும் நாட்களை ஒட்டி எடுத்தால், தேங்கியிருந்தால் தெளிவாகத் தெரியும். அடுத்த மாதவிடாய்க் கணக்கைப் பார்த்துத் தேதி வாங்குங்கள், ஐப்பசிக்கு முன்பே முடிந்துவிடும். என்னிடம் வரும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டு வராமல் ஸ்கேன் படங்களையும் எடுத்து வரச் சொல்லுங்கள். தாளுக்கு லேமினேஷன் போட வேண்டாம், பின்பக்கத்தில் நான் எழுத வேண்டியிருக்கும்.